இமாம் கஸ்ஸாலியின் நோயும் பல்கியின் மருந்தும்

ஹிஜ்ரி 488-ஆம் ஆண்டு, ரஜப் மாதம். கிறிஸ்தவ ஆண்டுக் கணக்கில் 1095-இன் ஜூலை. பக்தாத் மாநகரின் நிஜாமிய்யாக் கலாசாலையில் தலைமைப் பேராசிரியராக வீற்றிருந்தவர் இமாம் அபூ ஹாமித் முஹம்மது கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள். அகவை நாற்பதை எட்டவில்லை. முந்நூறு மாணவர்கள் அவர்தம் சொல்லுக்காகக் காத்துக் கிடந்த காலம் அது. அம்மாதந்தொட்டு ஏறத்தாழ ஆறு திங்கள் அவருள்ளே ஓர் இழுபறி நடந்தது. பீடத்தைத் துறந்து புறப்பட்டுவிடுவோம் எனக் காலையில் துணிவார்; மாலைக்குள் அத்துணிவு கலைந்துவிடும். ஓர் அடி முன்வைத்தால் மறு அடி பின்வாங்கும். இறுதியில் ஒரு நாள், நாடி வந்த மாணவரின் மனம் மகிழ்வதற்கேனும் பாடஞ்சொல்வோம் என்று வாய்திறந்தபோது நா எழவில்லை. நாவின் பூட்டு நெஞ்சில் துயராய் இறங்கிற்று. துயர் வயிற்றைப் பற்றிற்று. ஒரு மிடறு கஞ்சியும் உள்ளே செல்லவில்லை; ஒரு கவளமும் செரிக்கவில்லை. உடல் நலிந்தது. மருத்துவர்கள் வந்து பார்த்துக் கைவிரித்தனர்.

இவ்வளவையும் நமக்கு அறிவிப்பவர் வேறொருவர் அல்லர், இமாம் அவர்களே. ஐம்பது வயதைக் கடந்தபின் அவர்கள் யாத்த ‘அல்-முன்கித் மினள் ளலால்’ என்னும் சிறு நூலில் இது காணப்படுகிறது. வழிகேட்டினின்று மீட்பது என்பது அப்பெயரின் பொருள். நம் பயான் மேடைகளில் இந்நிகழ்ச்சி அடிக்கடி எடுத்துரைக்கப்படுகிறது. ஆயின், எவ்வாறு எடுத்துரைக்கப்படுகிறது என்பதே நம் கேள்வி. உலக ஆசை பிடித்த ஆலிமை அல்லாஹ் ஒரு தட்டுத் தட்டினான், மருத்துவம் தோற்றது, தனிமையில் திக்ரு செய்தார், தேறினார். கதை இவ்வளவில் முடிந்துவிடுகிறது. நூலை வரிவரியாக ஓதிப் பார்ப்போர்க்கு அது சொல்வது இதுவன்று என்பதும், இவ்வாறு சுருக்கிச் சொல்வதால் நம் இல்லங்களில் நேரும் தீங்கு சிறிதன்று என்பதும் விளங்கும். அதனை விளக்கவே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

முதலில் மருத்துவர் பகுதியைப் பார்ப்போம். அவர்கள் உரைத்ததன் கருத்து இது: இந்நோய் உள்ளத்தில் இறங்கி, அங்கிருந்து உடலின் இயல்புக்குப் பரவியிருக்கிறது, உள்ளத்தை வாட்டும் கவலை நீங்கி அது இளைப்பாறினாலன்றி மருந்தால் வழியில்லை. நம் மேடைப் பேச்சாளர்கள் இதனை மருத்துவத்தின் தோல்வி என்பர். நாம் அவ்வாறு கருதவில்லை. தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன், பேச்சிழந்து உணவிழந்து கிடந்த ஒருவரைப் பார்த்து, ‘உமக்கு ஒன்றுமில்லை, எழுந்து நடமாடும்’ என்று அம்மருத்துவர்கள் சொல்லவில்லை. நோய் உண்டு என்றனர். அது தோன்றிய இடம் எது, பரவிய வழி எது என்றும் காட்டினர். உள்ளத்தின் நோய் வயிற்றில் வந்து நிற்கும் என்பதை அறிந்திருந்தனர். இமாம் அவர்களும் தாம் பெரிய ஆலிமாயிற்றே, மருத்துவர் எதற்கு என்றிருக்கவில்லை. அவர்கள் சொன்னதை மறைக்காமல் தம் நூலிலும் எழுதி வைத்தார்கள். இவை எல்லாவற்றினும் மேலாக நாம் கருதுவது ஒன்றுண்டு: அந்நூலில் எவரும் அவரிடம் வந்து, உமக்கு ஈமான் குறைந்துவிட்டது, அதனால்தான் இப்படி என்று கூறியதாக ஒரு சொல்லும் இல்லை.

ஊர் வாய் மட்டும் சும்மா இருக்குமா? ஆட்சியாளர்க்கு அஞ்சி ஓடுகிறார் என்று தொலைவிலிருந்தோர் ஊகித்தனர். அருகிலிருந்தோர்க்கு அந்த ஊகம் பொருந்தவில்லை. இஸ்லாமிய அறிஞர் கூட்டத்தின்மீது கண்ணேறு பட்டுவிட்டது என்றனர். பக்தாதிலும் கண்ணேறு! மிளகாய் சுற்றிப் போடுவது ஒன்றுதான் பாக்கி. பிற்காலத்து ஆய்வாளருள், இஸ்மாயீலியரின் கொலைவாளுக்கு அஞ்சினார் என எழுதியவரும் உண்டு. அதற்கு மூன்றாண்டுகட்கு முன், 1092-இல், அமைச்சர் நிஜாமுல் முல்க் கொலையுண்டதும் சுல்தான் மலிக்ஷா இறந்ததும் வரலாறு. அரசியல் அச்சம் அறவே இல்லை என்று நாம் சாதிக்க மாட்டோம். ஆயினும், கஞ்சி இறங்காத ஒருவரைச் சுற்றி ஊரார் காரணம் தேடும் விதம் எக்காலத்தும் ஒன்றுபோலவே இருப்பதைக் காண்கிறோம்.

இமாம் அவர்களுக்கு வந்தது இன்ன நோய் என்று பெயரிட நாம் துணியவில்லை. தொள்ளாயிரம் ஆண்டு தொலைவிலிருந்து நாடி பிடிப்பது மருத்துவமாகாது. அவர்தம் ஆன்மிகத் தேட்டத்தை வெறும் நோயாகக் குறுக்குவது நீதியுமாகாது. ஆனால் இக்காலத்து மனநோய் மருத்துவர் ஒருவரிடம் சென்றால் அவர் கேட்கும் கேள்விகளை எண்ணிப் பாருங்கள். இரு வாரங்களுக்கு மேலாக, ஏறக்குறைய நாள் முழுதும் மனம் சோர்ந்து கிடக்கிறதா? முன்பு இன்பந்தந்தவற்றில் நாட்டமற்றுப் போயிற்றா? உணவும் உறக்கமும் குறைந்தனவா, அல்லது மிகுந்தனவா? களைப்பு நீங்காதிருக்கிறதா? முடிவெடுக்க முடியவில்லையா? தன்னைத் தானே பழித்துக்கொள்ளும் குற்றவுணர்வு உண்டா? வாழ்வே வேண்டாம் எனத் தோன்றுகிறதா? இவற்றுட் சில முன்கிதின் அப்பக்கத்தில் அப்படியே இருக்கின்றன.

அடுத்து, நூலின் குறையெனத் தோன்றும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். விமர்சனம் என்பது புகழ்மாலை அன்று. இமாம் அவர்களே பிறர் நூல்களைத் துருவித் துருவி ஆராய்ந்தவர்கள். முன்கித், துயரின் நடுவிலிருந்து எழுதப்பட்டதன்று. கரையேறிப் பத்தாண்டுக்கு மேலான பின், வந்த வழி முழுதும் ஒரே நேர்கோடாகத் தெரியும் உயரத்தில் நின்று எழுதப்பட்டது. ஆகவே அதில் ஒவ்வொன்றும் தத்தம் இடத்தில் பொருளுடன் அமர்ந்திருக்கிறது. துயருக்கு ஒரு காரணம், தனிமைக்கு ஒரு பயன், திரும்புதலுக்கு ஓர் ஆணை. நோயின் நடுவே கிடப்பவனுக்கோ எதற்கும் பொருள் தோன்றுவதில்லை; அதுவே அந்நோயின் தன்மை. எனவே தேறியவரின் வரலாற்றை, தேறாதவனுக்கு மருந்துச்சீட்டாக எழுதிக் கொடுப்பது பிழை.

இப்பிழை ஏட்டளவில் நிற்பதன்று. அன்னூரில் நாம் நடத்திவரும் மாலை வகுப்பில் முன்கிதைத் தமிழில் பொருள் சொல்லி வந்தோம். வகுப்பு முடிந்த ஓரிரவு, விசைத்தறி ஓட்டும் அன்பர் ஒருவர் செருப்பை மாட்டாமல் நின்றுகொண்டிருந்தார். திருப்பூர்ப் பனியன் கம்பெனியில் வேலை பார்த்த அவருடைய மகன் வீடு திரும்பி நான்கு மாதமாகியும் மாடியறையை விட்டு இறங்குவதில்லையாம். “ஏனுங்க ஹஜ்ரத்து, இமாமே தனியா இருந்துதானுங்களே கொணமானாங்க? பையனையும் அப்படியே உட்டுடலாமுங்களா?” என்று கேட்டார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அதுவே நம்மை அச்சுறுத்திற்று. விடக்கூடாது, நாளைக்கே கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள் என்றோம். சென்றார். அப்பிள்ளை இன்னும் முழுதும் தேறிவிட்டதாகச் சொல்வதற்கில்லை. மாடியினின்று இறங்கித் தந்தையுடன் இருந்து உண்கிறான்.

அவர் கேட்ட கேள்விக்கு முன்கிதிலேயே விடை உண்டு என்பது வியப்பு. டமாஸ்கஸ் பெரிய பள்ளியின் மினாராவில் ஏறித் தனித்திருந்ததை மட்டுமே நாம் நினைவில் வைத்திருக்கிறோம். தம் பொருளைப் பங்கிட்டபோது பிள்ளைகளின் பிழைப்புக்கு வேண்டியதை ஒதுக்கி வைத்தார்கள் என்பதையும், ஹஜ்ஜுக்குப் பின் பிள்ளைகளின் அழைப்பே தம்மைத் தாயகம் நோக்கி இழுத்தது என்பதையும் அதே நூல் கூறுகிறது. மேடையில் இது விடுபட்டுப் போகிறது. மற்றொரு சான்று நூலுக்கு வெளியே இருக்கிறது. ஸ்பெயின் நாட்டு இஷ்பீலியாவிலிருந்து வந்த மாலிக்கி அறிஞர் அபூபக்ர் இப்னுல் அரபி, ஹிஜ்ரி 490-இல், அதாவது 1097-இல், பக்தாதிலேயே இமாம் அவர்களைச் சந்தித்துப் பாடங்கேட்டதாக எழுதியிருக்கிறார். துறந்து சென்று இரண்டாண்டு நிறைவதற்குள் அவர்கள் அதே நகரில் ஒரு மாணவருக்கு வாய்திறந்து பாடஞ்சொல்லியிருக்கிறார்கள். பத்தாண்டுத் தனிமை என்று நாம் சொல்வது முறியாத தனிமை அன்று. இடையிடையே மனிதர் இருந்தனர், மாணவர் இருந்தனர், மக்களின் குரல் இருந்தது.

இனிப் பல்கிக்கு வருவோம். அவர் இமாம் கஸ்ஸாலிக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டு முந்தியவர். பல்கு நகருக்கு அண்மையில் ஷாமிஸ்தியான் என்னும் ஊரில் ஹிஜ்ரி 235 வாக்கில் பிறந்து, 322-இல் (கி.பி. 934) மறைந்த அபூ ஸைத் அஹ்மத் இப்னு ஸஹ்ல் அல்-பல்கீ. நிலநூலார் அவரைப் படம் வரைந்த புவியியல் அறிஞராக அறிவர். பக்தாதில் தத்துவஞானி அல்-கிந்தியின் மாணாக்கராக இருந்தவர். ஆசிரியர் கிந்தியும் துயரைப் போக்கும் உபாயம் குறித்து ஒரு சிறு நூல் செய்தார். விரும்பிய பொருளை இழப்பதாலோ நாடிய பொருள் கிட்டாததாலோ துயர் பிறக்கிறது. அழியும் பொருளை உனதெனக் கருதாதே, துயர் உன்னை அணுகாது என்பது அதன் சாரம். அழகான நூல்தான். ஆயினும், எதனையும் இழக்காதவன் ஏன் அழுகிறான் என்ற கேள்விக்கு அதில் இடமில்லை.

அக்கேள்வியை எழுப்பிய பெருமை மாணாக்கருக்கு உரியது. ‘மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்’, அதாவது உடல்கட்கும் உள்ளங்கட்கும் நலம் பயப்பவை, என்ற தம் நூலைப் பல்கி இரு பகுதிகளாக வகுத்தார். முதற்பகுதி உடலுக்கு, எட்டு அத்தியாயங்கொண்ட இரண்டாம் பகுதி உள்ளத்துக்கு. இதன் கையெழுத்துப் பிரதி இஸ்தான்பூலின் அயா ஸோஃபியா ஏட்டுத்தொகுதியில் நெடுங்காலம் உறங்கிற்று. 1984-இல் பேராசிரியர் ஃபுஆத் ஸெஸ்கின் ஃபிராங்பர்ட்டில் அதனை நிழற்படப் பதிப்பாக வெளியிட்டார். சூடான் நாட்டு உளவியலறிஞர் மாலிக் பத்ரி உள்ளம் பற்றிய பகுதியை ஆங்கிலத்தில் ஆக்கி 2013-இல் தந்தார்.

உள்ளத்து நோய்களை அவர் நான்காகக் காண்கிறார்: சினம், அச்சம், துயர், ஓயாது வந்து மொய்க்கும் எண்ணங்கள். உடல்நோய் வாராமலே பல்லாண்டு வாழ்பவன் இருக்கலாம். இவை அணுகாதவன் இல்லை என்பது அவர் தொடங்கும் இடம். நாம் பெரிதும் போற்றுவது ஏழாம் அத்தியாயம். துயர் இருவகை என்கிறார். ஒன்று காரணம் தெரிந்தது: பிள்ளையை இழந்தவன், பொருளை இழந்தவன், பெயரை இழந்தவன் படுவது. மற்றொன்று காரணம் தெரியாதது: ஏனென்றறியாமல் எந்நேரமும் நெஞ்சை அழுத்தி, தொழிலிலும் நுகர்ச்சியிலும் மனம் செல்லாதபடி தடுக்கும் இருள். முன்னதற்குச் சிந்தனையும் நல்லுரையும் மருந்து. பின்னது உடலிலிருந்து எழுவது; ஆதலின் அதற்கு உடல்மருத்துவம் வேண்டும், அதனோடு இனியோர் கூட்டமும் உவகை தரும் சூழலும் வேண்டும் என்பது அவர் தீர்ப்பு. ‘உனக்கு என்ன குறை? வீடில்லையா, வாசலில்லையா, எதற்காக அழுகிறாய்?’ என்று நாம் கேட்கும் கேள்வி பொருளற்றது என்பதை ஆயிரத்து நூறு ஆண்டுகட்கு முன்பே ஒரு முஸ்லிம் அறிஞர் எழுதி வைத்தார். குறை எதுவுமின்றியும் அழுகை வரும். அதுவே நோய் என்பதன் அடையாளம்.

இன்னொரு நுட்பம்: உள்ளம் நலமாயிருக்கும்போதே நல்ல எண்ணங்களைத் தேடிச் சேமித்து வைக்க வேண்டும் என்கிறார். முன்னறிவுள்ளோர் வீட்டில் மருந்துப் பெட்டி வைத்திருப்பதுபோல. நோய் தாக்கியபின் எண்ணம் தானே எழுவதில்லை. அப்போது பிறர் வாய்ச்சொல்லே துணை. தன் சிந்தை நோய்வயப்பட்டிருப்பதால், தான் தனக்குச் சொல்லிக்கொள்வதினும் நம்பிக்கைக்குரிய ஒருவர் சொல்வதை மனம் எளிதில் ஏற்கும். மொய்க்கும் எண்ணங்களால் வாடுவோனுக்குத் தனிமையே கேடு என்றும் கண்டிப்பாகக் கூறுகிறார். மாடியறைப் பிள்ளையின் தந்தைக்கு நாம் முதலில் ஓதிக் காட்டியிருக்க வேண்டிய நூல் இதுவே.

அச்சத்தைப் பற்றி அவர் தரும் உவமை நம் கொங்கு வட்டாரத்தார்க்கு நன்கு புரியும். வறண்ட நாட்டான் ஒருவன் முதன்முறையாக ஈரங்கசியும் நாட்டுக்கு வருகிறான். எதிரே மூடுபனி சுவர்போல் நிற்கிறது. உள்ளே புகுந்தால் மூச்சு நின்றுவிடும் என நடுங்குகிறான். புகுந்த பின்னரே அது தான் என்றும் சுவாசிக்கும் காற்றில் சிறிது ஈரம் கலந்தது என்று காண்கிறான். மேட்டுப்பாளையம் தாண்டி உதகை மலைப்பாதையில் மார்கழிக் காலையில் பேருந்தேறியோர் இதனைக் கண்ணாரக் கண்டிருப்பர். அஞ்சியதைச் சிறிது சிறிதாக நெருங்கிப் பழகுவதே வழி என்று இக்கால உளமருத்துவரும் கூறுகின்றனர்.

ஆனால் ஒன்று. ‘மேனாட்டார் இன்று கண்டதை எல்லாம் நாங்கள் அன்றே சொல்லிவிட்டோம்’ என்று மார்தட்டுவதற்குப் பல்கி பயன்படக்கூடாது. அமெரிக்க மருத்துவர் ஆரன் பெக் 1960-களில் வகுத்த சிந்தனைவழிச் சிகிச்சைக்கும் இதற்கும் ஒற்றுமை உண்டு என்பது மெய்தான். எனினும் காரணமற்ற துயர் எங்கிருந்து வருகிறது என்பதற்குப் பல்கி தரும் விளக்கம், குருதி மாசுபட்டுக் குளிர்ந்துபோவது என்ற பழைய யூனானிக் கொள்கை. அது இன்று நிற்பதில்லை. அவர் சொன்ன குருதிச் சுத்தியை இன்று மனச்சோர்வுக்கு எவரும் செய்துகொள்ளக் கூடாது. பெருமைக்குரியது அவர் கண்ட வேறுபாடு. அவர் தந்த மருந்தன்று. பெருமை பேசும் நேரத்தில் ஒரு பிடி அளவேனும் அந்த வேறுபாட்டை நம் இல்லப் பேச்சில் கலந்திருப்போமானால் எத்தனையோ வீடுகளில் விளக்கெரிந்திருக்கும்.

ஏனெனில் நம் பேச்சில் சொல் இருக்கிறது, வேறுபாடுதான் இல்லை. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கற்பித்த துஆவில் ஹம்மு, ஹஸன் என இரண்டினின்றும் காவல் தேடுகிறோம். வரப்போவதை எண்ணி வாடுவது ஹம்மு, போனதை எண்ணி வாடுவது ஹஸன் என உரையாசிரியர்கள் பிரித்துக் காட்டினர். அதாவது பதற்றமும் துயரும். தமிழில் இரண்டையும் சேர்த்துக் ‘கவலை’ என்று கட்டிவிட்டோம். அன்னூர்ப் பக்கத்துப் பெண்மக்களைக் கேளுங்கள்: “ஒரே ரோசனையா இருக்குதுங்க”, “மனசே செரியில்லீங்க”, “நெஞ்சு படபடங்குது” என்று மூன்று நிலைக்கு மூன்று சொல் வைத்திருக்கிறார்கள். ஏட்டறிவு பெற்ற நாம்தாம் மூன்றுக்கும் ஒரே விடையாகக் ‘கவலைப்படாதே’ என்கிறோம். அப்பெயரிலேயே பெரியவர் எம்.ஆர்.எம். அப்துற் றஹீம் அவர்கள் எழுதிய நூல் நம் வீட்டு அலமாரிகளில் உண்டு. இஸ்லாமியக் கலைக்களஞ்சியம் தந்த கையால் எழுதப்பட்டது. அவ்வகை நூல்கள் காரணம் தெரிந்த கவலைக்கு எத்தனையோ பேருக்குக் கைகொடுத்தன. அவ்வகை நூல்களிடம் காரணமற்ற இருளுக்கு மருந்து கேட்பது நம் தவறே அன்றி நூலாசிரியர் தவறன்று. கால்முறிந்தவனிடம் ‘நொண்டாதே’ என்றால் அவன் என் செய்வான்?

குற்றவுணர்வு இந்நோயின் ஓர் உறுப்பு என்பதைத் தீனுள்ள குடும்பங்கள் குறிப்பாக அறிய வேண்டும். ஃபஜ்ருக்கு எழ உடல் ஒத்துழைக்காத பெண், தான் முனாஃபிக்காகிவிட்டதாகத் தன்னையே தூற்றிக்கொள்கிறாள். சுற்றத்தார் அதற்கு ஆமாம் போடுகின்றனர். நோயாளியின் தொழுகைக்கு நம் ஃபிக்ஹு நூல்களில் தனிப் பாடமே உண்டு: நிற்க இயலாதவர் இருந்தும், இருக்க இயலாதவர் படுத்தும் தொழலாம். காய்ச்சலுக்குத் தந்த அச்சலுகையை இந்நோய்க்கு ஏன் மறுக்கிறோம்? மகன் இப்ராஹீமைப் பறிகொடுத்த அண்ணலார் கண்ணீர் விட்டார்கள். யஃகூப் நபி (அலை) அவர்களின் கண்கள் துயரால் வெளுத்துப் போயின. அவர்களை எவரும் ஈமான் குறைந்தவர் என்று சொல்லத் துணிவதில்லை.

நம் மரபில் மறுமுனைக் கோளாறும் ஒன்றுண்டு. சித்தம் கலங்கியவனைப் பழிக்காமல் ‘மஜ்தூபு’ என்றும் ‘மஸ்தான்’ என்றும் மரியாதை தந்தோம். அது கல்லெறிவதினும் நூறு மடங்கு மேல். ஆயினும் மரியாதையே மருத்துவத்துக்குத் தடையாகவும் ஆயிற்று. கையை முத்தமிட வருவோர் பலர். கையைப் பிடித்து மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வோர் இல்லை.

இவ்விரு போக்கும் ஒன்றுகூடிய இடத்தில் நேர்ந்த கொடுமையை 2001 ஆகஸ்ட் 6 அன்று தமிழகம் கண்டது. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், சுல்தான் செய்யிது இப்ராஹீம் ஷஹீத் (ரலி) அவர்களின் தர்கா அருகே, மனநோயாளிகளை வைத்திருந்த தனியார் காப்பகத்தின் கூரைக் கொட்டகை விடியற்காலையில் தீப்பற்றிற்று. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தோர் ஓட முடியவில்லை. 28 உயிர்கள் மாண்டன. எல்லாச் சமயத்தாரும் அங்கே தம் உறவினரைக் கொண்டுவந்து விட்டிருந்தனர். அதன்பின் அத்தகைய காப்பகங்களை அரசு மூடிற்று. ஐந்நூறுக்கு மேற்பட்டோர் அரசுப் பொறுப்பில் வந்தனர். தர்காவுக்கு வந்து அழுவது குற்றமன்று. துஆ கேட்பதைக் குறைகூற நாம் முன்வரவில்லை. நோயுற்றவனைத் தனித்து விட்டுவிட்டுக் குடும்பம் ஊர் திரும்பியதே அத்தீயின் முதற்பொறி என்பது நம் எண்ணம். கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284-இல் எழுப்பிய மருத்துவமனையில் மனநோயாளிகட்குத் தனிப் பகுதியும் மருத்துவரும் இருந்ததை ஒப்பிட்டால், பின்னோக்கி எத்துணைத் தொலைவு நடந்துவிட்டோம் என்பது புலனாகும். பின்னாளில் ஏர்வாடியிலேயே, துஆவுடன் தவாவும் என்ற முறையில், தர்காவுக்கு வருவோருக்கு மனநல மருத்துவம் கிடைக்க அரசு ஏற்பாடு செய்தது. இந்நற்செய்தி நம் மேடைகளில் ஏன் ஒலிப்பதில்லை என்பது விளங்கவில்லை.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியைச் சங்கிலியிடுவதைத் தடைசெய்கிறது. தன்னுயிரை மாய்க்க முயன்றவரைக் குற்றவாளியாகக் கருதாமல், கடும் மன அழுத்தத்துக்கு ஆளானவராகக் கொள்ளச் சொல்கிறது. 2015-16-இல் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழகம் உட்பட 12 மாநிலங்களில் நடத்திய ஆய்வில், வயது வந்தோருள் இருபதில் ஒருவர் வாழ்நாளில் மனச்சோர்வு நோய்க்கு ஆளானதாகத் தெரிந்தது. அவர்களுள் பெரும்பாலோர் சிகிச்சை பெறவில்லை. ஒரு ஜும்ஆவில் இருநூறு பேர் ஸஃபு கட்டினால் அவர்களுள் பத்துப் பேர் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். தாயத்துக் கட்டுவோர் கட்டட்டும். ஓதிய தண்ணீரைப் பருகுவோர் பருகட்டும். மருத்துவரைப் பார்ப்பதை அதற்காக ஒரு நாளும் தள்ளக்கூடாது. மருந்து தொடங்கியதும் மறுநாளே குணம் தெரியாது. இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும், சிலருக்கு அதனினும் கூடும். இதனை அறியாமல் பத்தாம் நாளே மாத்திரையை வீசியெறிந்து, ‘இதுவும் பயனில்லை’ என்போர் மிகப் பலர். குணமடைந்த பின்னும் ஆறு மாதமேனும் தொடர வேண்டும். மருத்துவர் சொல்லாமல் திடீரென நிறுத்தக்கூடாது. இலேசான சோர்வுக்கு மருந்தின்றி உரையாடல்வழிச் சிகிச்சையே போதுமானதும் உண்டு. சாவைப் பற்றி ஒருவர் வாய்விட்டுப் பேசினால் அவரைத் தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். 2022-இல் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்னும் அரசுத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம்.

முன்கிதை மீண்டும் திறப்போர்க்கு ஒரு விந்தை புலப்படும். நா பூட்டப்பட்டதை அத்துணை நுட்பமாக வருணித்த இமாம் அவர்கள், அது திறந்தது எந்நாள் என்று எங்கும் எழுதவில்லை. ஆதரவற்றவனாய் இறைவனிடம் ஒதுங்கினேன், துறவு எளிதாயிற்று என்கிறார்கள், அவ்வளவே. தேறுதல் ஒரு குறித்த நாளில் வருவதன்று, வந்தவனுக்கே தெரியாமல் சிறுகச் சிறுக வருவது என்பதனாலோ என்னவோ. ஹிஜ்ரி 499-இல், 1106-ஆம் ஆண்டு, அவர்கள் நைஸாப்பூரில் மீண்டும் ஆசிரியப் பீடத்தில் அமர்ந்தார்கள். அதன்பின் சொந்த ஊராகிய தூஸுக்குத் திரும்பித் தம் இல்லத்தை ஒட்டியே மாணவர்க்கு ஒரு மதரஸாவும் ஸூஃபிகட்கு ஒரு கான்காவும் அமைத்தார்கள். இறுதிக் காலத்தை வீட்டாருக்கும் மாணவருக்கும் தவசியருக்கும் நடுவே கழித்து, ஹிஜ்ரி 505-இல் அங்கேயே மறைந்தார்கள்.